மாமாவின் இடது கால்

என் அக்காவின் கணவரை ஊரே 'மாஸ்டர்' என்று கூப்பிடும். இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். எனக்கு அவர் மாமா. அவருடைய பழைய காருக்கு நான் மெக்கானிக். இந்த இரண்டில் எது பெரிய தண்டனை என்று இன்றுவரை என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.

மாமாவிடம் ஒரு தடித்த நோட்டு உண்டு. மாணவர்களின் குற்றங்களை அதில் சிவப்பு மையில் எழுதுவார். அவர் கணக்கில் 'கிளட்ச் மேல் கால்' என்பதுதான் மகாபாவம். கிளட்ச் பெடலை மிதித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போகும். காலை எடுத்தால் சேரும். முழுதாக மிதிக்காமலும் எடுக்காமலும் சும்மா காலை மேலே வைத்திருந்தால், உள்ளே இருக்கும் பிளேட் தேய்ந்துகொண்டே போகும். இதை மாமா தினம் முப்பது தடவை சொல்வார். "அது என்ன, கால் வச்சுக்கிற முக்காலியா?" என்று கத்துவார். நோட்டின் முதல் பக்கத்து முதல் வரியில் இருப்பது என் அக்கா.

அக்கா ஏழு வருடமாக அவரிடம் கற்கிறாள். லைசென்ஸ் டெஸ்டில் மூன்று முறை தோற்றாள், மூன்றும் வண்டியை நிறுத்தி மறுபடி ஏற்றிக்காட்ட வேண்டிய அதே மேட்டில். வண்டி உறுமும், ஏறாது, பின்னால் சரியும்.

"உனக்குக் கால்ல கண்ட்ரோலே இல்ல" என்பார் மாமா.

"நான் காலை எடுத்துட்டேங்க. வண்டிதான் இழுக்க மாட்டேங்குது" என்பாள் அக்கா.

ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம் என்று அவர் சிரிப்பார், அதுவும் நாலு மாணவர்களுக்கு முன்னால். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தத் தடவை விளையாட்டில்லை. அக்கா வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர அங்கே ஒரு கார் தருகிறார்கள், பொறுப்பாளர் பதவியோடு. வியாழக்கிழமை டெஸ்டில் தேறினால் அது அவளுக்கு. தோற்றால், பன்னிரண்டு வருடம் அங்கே உழைத்தவளை விட்டுவிட்டு, போன மாதம் சேர்ந்த ஒருவருக்கு.

திங்கட்கிழமை காலையில் மாமாவின் வண்டி தீய்ந்த நாற்றத்தோடு என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

"மாப்ள, ஆக்சிலேட்டரை மிதிச்சா கத்துது, ஆனா ஓட மாட்டேங்குது. எல்லாம் உங்க அக்கா பண்ண வேலை."

ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, நாலாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டேன். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். இது நிற்கவில்லை, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிளட்ச் வழுக்குகிறது. பெடலின் ஆட்டம் சரியாக இருந்தது, எண்ணெய்க் கசிவும் இல்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், பிளேட் தேய்ந்து ஆணித்தலை தெரிய ஆரம்பித்திருந்தது. அது உரசுகிற ஃப்ளைவீல் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பதினோரு மாதத்துக்கு முன் நானே போட்ட பிளேட்!

ஃப்ளைவீலை லேத்துக்கு அனுப்பித் தேய்த்து வாங்கி, பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு முடிக்கப் புதன்கிழமை ஆகிவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. காரணம் தெரியாமல் பிளேட் மாற்றுவது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

பயிற்சிக் காரில் இரண்டு கிளட்ச் பெடல், இரண்டு பிரேக் பெடல் உண்டு. ஓட்டுகிறவருக்கு ஒரு ஜோடி. ஆபத்தென்றால் மிதிக்க, பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்கு ஒரு ஜோடி. இரண்டு பக்கத்தையும் கம்பிகள் இணைக்கும், ஒன்றை மிதித்தால் மற்றதும் இறங்கும். குனிந்து பார்த்தேன். எத்தனையோ பேர் மிதித்த மாணவர் பக்கத்து கிளட்ச் ரப்பரில் வரிகள் இன்னும் அழியாமல் இருந்தன. மாமா பக்கத்து ரப்பர் வழுவழுவென்று மழுங்கி, நடுவில் இரும்பே தெரிந்தது. கீழே விரிப்பில் குதிகால் அளவுக்கு ஒரு குழி.

கூப்பிட்டுக் காட்டினேன். மாமா முகத்தில் ஈயாடவில்லை.

"அது ஒரு பாதுகாப்புக்கு மாப்ள. சும்மா தொட்டுக்கிட்டு இருப்பேன். அழுத்த மாட்டேன்."

"எல்லாரும் அதைத்தானே மாமா சொல்றாங்க? நீங்க நோட்டுல எழுதுறீங்களே."

"நான் மாஸ்டர் மாப்ள."

இதற்கு மேல் பேசினால் என் வாய்தான் வலிக்கும். டெஸ்டில் அதிகாரி பின்னால் உட்காருவார், மாஸ்டர் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். மேட்டைக் கண்டதும் அந்த இடது கால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவர் டீ குடிக்கப் போனதும், கிளட்ச் கம்பியை இணைக்கும் போல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிரேக்கில் கை வைக்கவில்லை. அவ்வளவு பெரிய பாவி இல்லை நான்.

"உங்க பக்கத்து கிளட்ச் வேலை செய்யாது மாமா. போல்ட் தேஞ்சுபோச்சு, வெள்ளிக்கிழமைதான் புதுசு வரும். பிரேக் இருக்கு, பயப்படாதீங்க."

"அப்போ டெஸ்டைத் தள்ளிப் போட்டுடலாம்" என்றார், சட்டென்று. வீட்டில் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை நான் வேலிக்கு வெளியே நின்றேன். விதிப்படி அக்கா மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை விட்டாள். மாமாவின் உடம்பு விறைத்து, இடது தோள் இறங்கியது. வேலை செய்யாது என்று தெரிந்தும் மிதிக்கிறார், மனுஷன்! வண்டி ஒரு விரற்கடை கூடப் பின்னால் வரவில்லை. உறுமவும் இல்லை. நிதானமாக ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன், அங்கே புகையே இல்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்று மாமாவின் கையைக் குலுக்கினார். மாமாவும் கூச்சமில்லாமல் குலுக்கினார்.

அக்கா வேலியோரம் வந்தாள். "இன்னிக்குத்தான்டா கிளட்ச் பெடல் முழுசா மேல வந்துச்சு" என்றாள். "ஏழு வருஷமா என் கால்தான் சரியில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. மாமா பின்னாலேயே வந்துவிட்டார்.

"மாப்ள, நாளைக்கு அந்த போல்ட்டை மறக்காம மாட்டிடு."

சொல்லிவிட்டு அவர் காரை நோக்கித் திரும்பினார். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அக்கா பார்த்துவிட்டாள். கையை நீட்டினாள், கொடுத்தேன். தேயாத அந்த போல்ட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள் மாமாவிடம், சாவியை எடுத்துக்கொண்டே.

அவர் வழக்கம்போல முன்கதவைத் திறந்தார்.

"அங்க இல்லங்க. பின் சீட்டுல உக்காருங்க."