இரண்டு வண்டிகளுக்குப் போட்ட மாலை

இந்த ஊரில் காலையில் ரொட்டி வாங்கப் போனால், கடைக்காரப் பெண் வணக்கம் சொல்வதற்கு முன்னால் கண்ணாடி வழியாக வெளியே எட்டிப் பார்ப்பாள். எதிரே நகர மண்டபத்து வாசலில் ஒரு கரும்பலகை நிற்கிறது. இடது பக்கம் எங்கள் ஊரின் பெயர், வலது பக்கம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊரின் பெயர். எல்லைக்கு அப்பால் யுத்தம் நடக்கிற உக்ரைனுக்கு எந்த ஊர் எத்தனை வண்டி, எத்தனை ஜெனரேட்டர், இருட்டில் பார்க்கிற கண்ணாடி எத்தனை அனுப்பியது என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். நாங்கள் முன்னால் இருந்தால் சூடான ரொட்டி கிடைக்கும். பின்தங்கிவிட்டால் நேற்றைய ரொட்டி. வந்த புதிதில் அதைக் கிரிக்கெட் ஸ்கோர் என்றுதான் நினைத்தேன். இவர்கள் கிரிக்கெட்டே ஆடுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் இலங்கையில் தெஹியோவிட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. இப்போது போலந்தின் கிழக்கு ஓரத்தில், ஆப்பிள் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். கட்டாரிலும் ருமேனியாவிலும் இருந்துகொண்டு இதை வாசிக்கிற நம் பிள்ளைகளுக்கு இந்த வேலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நின்றபடியே வேலை, நின்றபடியே சாப்பாடு, குளிர். சொல்ல வேண்டியது இவர்களுடைய போட்டியைப் பற்றித்தான். நாடுகளுக்குள்ளும் இதே கதைதான். ஒரு நாடு நாங்கள்தான் முதலில் கொடுத்தோம் என்கிறது, பக்கத்து நாடு நாங்கள்தான் அதிகம் கொடுத்தோம் என்கிறது, மூன்றாவது நாடு தேர்தல் முடியட்டும் யோசிக்கலாம் என்கிறது. கொடுப்பது நல்ல காரியம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொடுக்கிறவர்களுக்குக் கொடுப்பதைவிட அக்கரைக்காரன் என்ன கொடுத்தான் என்று பார்ப்பதில்தான் நேரம் போகிறது.

எனக்கு இது பழக்கமான விளையாட்டு. என்ன, நான் முன்பு பார்த்தது வாங்குகிற பக்கத்தில் இருந்து. எங்கள் நாட்டில் யுத்தம் நடந்தபோது அக்கம்பக்கத்துப் பெரிய நாடுகள் இப்படித்தான் முண்டியடித்துக்கொண்டு வந்தன. பெயர் சொல்ல மாட்டேன், நாளைக்கு யாரிடம் விசா கேட்டு நிற்க வேண்டிவருமோ. ஒருவர் ராடார் கொடுத்தால் அடுத்தவர் குண்டு கொடுத்தார். தெஹியோவிட்டைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஹனீபா நானா பருப்பு நிறுத்துக்கொண்டே அப்பாவுக்கு விளக்குவார். இது நம்ம மேலே உள்ள பாசம் இல்லை, ஒருத்தன் கொடுத்துவிட்டால் நாடு அவன் பக்கம் சாய்ந்துவிடும் என்று மற்றவனுக்குப் பயம் என்பார். அப்பா தலையாட்டுவார். எங்களுக்கு யுத்தம் என்பது வடக்கில் இருந்தது. ஆனால் அவிசாவளை பஸ்ஸில் ஏறினால் அடையாள அட்டையில் இருக்கிற தமிழ்ப் பெயர் எங்களையும் வடக்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, எங்கள் தோட்டத்துக்குக் கீழே மெயின் ரோட்டில் இருந்த சின்ன ராணுவ முகாமுக்குப் புது ஜீப் ஒன்று வந்தது. ஏதோ ஒரு பக்கத்து நாட்டின் அன்பளிப்பு. பின் கதவில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் ஒட்டியிருந்தது. எங்கள் தோட்டத்தில் எது புதிதாக வந்தாலும் மாலை போடுவோம். புதுத் துரைக்குப் போட்டோம், புதுப் பாதிரியாருக்குப் போட்டோம், புது லொறிக்குப் போட்டோம், ஒருமுறை தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும் போட்டோம். ஆகவே அந்த ஜீப்புக்கும் மாலை போடுவது என்று தோட்டத் தலைவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். தோட்டத்தின் மேல் டிவிஷன்காரர்கள் ஒரு மாலை தயாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கீழ் டிவிஷனான நாங்கள் அதைவிடப் பெரிய மாலைக்குத் தயாரானோம். இந்த வியாதி போலந்துக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

அம்மாவுக்கு அதில் விருப்பமே இல்லை. மாதா கோயில் திருநாளுக்கு வைத்திருந்த செவ்வந்தியைத் துப்பாக்கி ஏற்றுகிற வண்டிக்குக் கட்டுவதா என்று கேட்டார். அப்பா சத்தம் போடவில்லை.

"ஒரு மாலையில நம்ம புள்ளைங்க நிம்மதியா பஸ் ஏறுதுன்னா, போட்டுட்டுப் போவோம்," என்றார்.

அம்மா கட்டினார். மாலையைத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பின் முகப்பில் போட்டது நான்தான். முகாமின் பெரியவர் என் தோளில் தட்டிச் சிங்களத்தில் பொஹொம ஸ்தூதி என்று நன்றி சொன்னார். எங்கள் மாலை மேல் டிவிஷன் மாலையைவிட ஒரு முழம் நீளம் என்பதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு என் அண்ணன் அந்தோணி கொழும்பில் இருந்து வந்துகொண்டிருந்தான். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். அவிசாவளை பஸ் ஸ்டாண்டில் ராணுவத்தினர் அட்டையைப் பார்த்தார்கள், பெயரைப் பார்த்தார்கள், ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள், ஏற்றியது எங்கள் முகாம் ஜீப்தான். முகப்பில் காய்ந்துபோன மாலையின் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்ததாம். அம்மா அதைக் கேட்ட நாளில் இருந்து எந்தத் திருநாளுக்கும் பூக் கட்டவில்லை. பதினொரு மாதம் கழித்து அண்ணன் திரும்பி வந்தான். குற்றம் ஒன்றுமில்லை என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அது எங்களுக்கு முதலிலேயே தெரியும். அதற்குப் பிறகு அவன் கொழும்புக்குப் போகவில்லை. தோட்டத்திலேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனான், இன்றைக்கும் வெட்டுகிறான். அந்தப் பதினொரு மாதத்தைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இனி ஆப்பிளுக்கு வருகிறேன். களஞ்சியத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் ஒக்சானா. உக்ரைன்காரி. யுத்தம் தொடங்கியதும் மகளோடு எல்லை தாண்டி வந்தவள். அவளுடைய தம்பி தாராஸ் அங்கே போர்முனையில் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போகிற டிரைவர். அவனுடைய வண்டி நொறுங்கிவிட்டது. பின் சீட்டைக் கழற்றிய ஒரு சின்னக் காரில் ஆட்களைக் கால் மடக்கிப் படுக்கவைத்து ஏற்றிக்கொண்டிருந்தான். ஒக்சானா எங்கள் ஊர் மேயரிடம் நடையாய் நடந்து ஒரு பழைய வேன் கேட்டாள். கிடைத்தது. சலவைத் துணி ஏற்றித் திரிந்த வேன். அதற்குள் இரண்டு படுக்கை பொருத்தி எங்கள் களஞ்சிய முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நிறுத்தியது நிறுத்தியபடி நின்றது. ஏனென்றால் அக்கரை ஊரும் அதே வாரம் ஒரு வேன் தயாரித்திருந்தது. இரண்டும் எங்கள் நகர மண்டபச் சதுக்கத்தில் இருந்து ஒன்றாகப் போகட்டும், ஓர் அமைச்சர் வந்து வழியனுப்பி வைப்பார் என்று ஏற்பாடு. அதற்குப் பிறகு எல்லைக்குப் போகிற வழியில் இருக்கிற பாலத்தை எந்த வேன் முதலில் கடப்பது என்று பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. ஒரு வாரமாயிற்று. அங்கே தாராஸ் ஆட்களை மடக்கி ஏற்றிக்கொண்டிருந்தான், இங்கே இரண்டு மேயர்கள் முன்னும் பின்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒக்சானா இடைவேளைதோறும் போய் அந்த வேனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

இதற்கிடையில் அக்கரை ஊர் தன் விழாவில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களை ஆட வைத்துவிட்டது. எங்கள் ஊருக்கும் அவசரமாக ஒரு வெளிநாட்டுக்காரன் தேவைப்பட்டான். மேயர் களஞ்சியத்துக்கே வந்து, உங்கள் நாட்டுப் பண்பாட்டில் வழியனுப்ப ஏதாவது செய்வீர்களா என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? மாலை போடுவோம் என்றேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அது ஒக்டோபர் கடைசி. கடைவாசல்களில் எல்லாம் தொட்டி தொட்டியாக மஞ்சள் செவ்வந்தி குவிந்திருந்தது. நான் வந்த பிறகு முதல் இலையுதிர் காலம். இந்த நாட்டுக்காரர்களுக்குக் கடைசியில் நல்ல பூ எது என்று புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு நான்கு தொட்டி வாங்கினேன். பதினாறு வயதில் பார்த்த அம்மாவின் கைகளை ஞாபகப்படுத்திக்கொண்டு நானே கட்டினேன். மறுநாள் பகல், மேயரும் படம் பிடிக்கிறவர்களும் பார்த்துக்கொண்டு நிற்க, வேனின் முகப்பில் போட்டேன். யாரும் கை தட்டவில்லை. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். கையுறையைக் கழற்றிக்கொண்டு ஒக்சானா ஓடி வந்தாள்.

"யார் செத்தது?" என்று கேட்டாள். "தாராஸா? உனக்குச் சொன்னார்களா?"

இங்கே செவ்வந்தி கல்லறைக்கு மட்டும்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கல்லறைத் திருநாள் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் நாங்கள் அந்தப் பூவைக் கல்லறைக்கும் வைப்போம், மாப்பிள்ளைக்கும் போடுவோம், தெரணியகலை பஸ்ஸுக்கும் போடுவோம். பூக்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்ததில்லை. ஒக்சானாவுக்கு இதை என் அரைகுறைப் போலிஷ் மொழியில் விளக்குவதற்குள் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. கழற்றப் போனேன். மேயர் விடவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது, அமைச்சர் வரும்வரை இருக்கட்டும் என்றார். மறுநாள் அக்கரை ஊர் தன் வேனுக்கு இரண்டு மாலை போட்டதாகச் செய்தி வந்தது.

செய்தி வந்த அன்று மத்தியானம் ஒக்சானா வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கப் போனவன் அண்ணனுடைய கதையைச் சொல்லிவிட்டேன். ஜீப், மாலை, நூல், எல்லாம். நாங்கள் மாலை போட்ட வண்டி எங்கள் ஆளையே ஏற்றிக்கொண்டு போனது, இந்த வண்டியாவது யாரையாவது திருப்பிக் கொண்டுவரட்டும் என்றுதான் கட்டினேன் என்றேன். போலந்துக்கு வந்த பிறகு நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். எவ்வளவு புரிந்ததோ, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தோப்ஷே, தோப்ஷே என்றாள். சரி, சரி என்று அர்த்தம்.

அப்போதே அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். அங்கே மழை. தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். வேனைச் சுற்றி நடந்து முகப்பு, மாலை, உள்ளே படுக்கை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். மாலையைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. பின் கதவைத் திரும்பவும் காட்டச் சொன்னான்.

"தம்பி, இந்தக் கதவு உள்ளுக்கிருந்து தொறக்குமா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது என்றேன்.

"அந்த ஜீப்பு தொறக்காது. வெளிய இருந்து யாராச்சும் தொறந்தாத்தான். அன்னைக்கு அந்தி வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தேன்," என்றான்.

பதினொரு மாதத்தைப் பற்றி என் அண்ணன் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

போனை ஒக்சானாவிடம் கொடுத்துவிட்டு நான் வேனுக்குள் ஏறினேன். கதவைச் சாத்தச் சொன்னேன். உள்ளே இருட்டு. சலவைத் தூளின் வாசம் இன்னும் இருந்தது. கைப்பிடியைத் தேடினேன், இல்லை. துணி மூட்டைக்கு உள்ளே இருந்து கதவு திறக்கும் வேலை கிடையாதே. தட்டினேன். அவள் திறப்பதற்கு இரண்டு மூன்று நொடிதான் ஆகியிருக்கும். அதற்குள் இன்னும் நாலு தடவை தட்டிவிட்டேன். வெளியே நின்று மாலை போட்டவனும் நான்தான், உள்ளே நின்று தட்டுகிறவனும் நான்தான்.

எங்கள் மேற்பார்வையாளர் மாரெக் அதிகம் பேசாத மனிதர். நான் கையைக் காட்டிச் சொன்னதைப் புரிந்துகொண்டு, ஆப்பிள் குளிர்அறையின் உதிரிக் கைப்பிடி ஒன்றை எடுத்து வந்து பூட்டோடு சேர்த்துப் பொருத்தினார். அரைமணி நேர வேலை. நான் திரும்பவும் உள்ளே போய் மூன்று தடவை திறந்து பார்த்தேன். ஒக்சானா ஒரு தடவை பார்த்தாள். விஷயம் அக்கரைக்குப் போய் அவர்களும் தங்கள் வேனுக்குக் கைப்பிடி போட்டார்களாம். போட்டியில் பிறந்த ஒரே உருப்படியான காரியம் அது. எந்த ஊர் முதலில் யோசித்தது என்று சதுக்கத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது. தெஹியோவிட்டை என்று சொன்னால் கரும்பலகையில் எழுத இடம் இருக்காது.

இரண்டு நாள் கழித்து, அமைச்சருக்கு வேறு அலுவல் வந்துவிட்டதால், வண்டிகள் புறப்பட்டன. பாலத்தை யார் முதலில் கடந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. புறப்படும்போது மாலை கண்ணாடியை மறைக்கிறது என்று டிரைவர் கழற்றி என்னிடம் நீட்டினார். ஒரு கையில் போன், அதில் அண்ணன். இன்னொரு கையை ஒக்சானா பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சதுக்கத்தைக் கடந்துபோன ஒரு கிழவி என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்னடா, மாப்புள்ள மாதிரி நிக்கிற," என்றான் அண்ணன். சிரித்தான். அவன் சிரித்து வெகுகாலம் ஆயிற்று. பிறகு கேட்டான், "உள்ளுக்கிருந்து தொறக்குதுதானே?"

"தொறக்குதுண்ணே. நானே உள்ள இருந்து பார்த்தேன்."

"ஹரி. அப்ப போகட்டும்," என்றான். ஹரி என்றால் சிங்களத்தில் சரி.

வேன் பாலத்தைத் தாண்டிப் போகும்வரை, அந்தக் கிழவிக்குப் பிணமாகவும் என் அண்ணனுக்கு மாப்பிள்ளையாகவும், கழுத்தில் செவ்வந்தியோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.