மாஸ்டரைக் கூட்டிவரப் போய் மல்லாட்டைத் தோல் ஊதிய கதை

புதிதாக ஓட்டல் திறந்த பிள்ளைகள் என் வலைப்பூவுக்கு எழுதுகிற கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான்: "சார், நல்ல மாஸ்டர் எந்த ஊரில் கிடைப்பார்?" இதே கேள்வியைச் சுமந்துகொண்டு எண்பதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதத்தில், நானும் எழும்பூரில் ரயில் ஏறினேன். உங்களில் யாராவது அதே வேலையாகக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்போது சென்னையில் ஒரு நடுத்தர ஓட்டலில் மேனேஜராக இருந்தேன். பெயருக்குத்தான் மேனேஜர். சாம்பார், குழம்பு வைக்கிற சரக்கு மாஸ்டர்கள் மூன்று பேர் இரண்டே மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். விழுப்புரத்துக்காரர் ஏழுமலை என்பவரின் கைமணம் பற்றி முதலாளி காதில் விழுந்திருந்தது. "அவரோட வா. இல்லேன்னா சாவியைக் கொடுத்துட்டுப் போ" என்றார். மூன்று வயதில் ஒரு பெண், கைக்குழந்தை ஒன்று, வாடகை வீடு. வேலை போனால் நடுத்தெருதான். பயந்துதான் போனேன்.

காலைப் பாசஞ்சர். டிக்கெட் பதினாறு ரூபாய், தூரம் நூற்று அறுபது கிலோமீட்டர். மீட்டர் கேஜ் வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நலம் விசாரித்துவிட்டு மதியம் ஒன்றரைக்கு விழுப்புரத்தில் இறக்கிவிட்டது. ஜங்ஷனிலிருந்து இருபது நிமிட நடையில் மாஸ்டர் வீடு. அவர் மனைவி முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு திண்டிவனத்துல இல்ல இருக்காரு? வாரத்துக்கு ஒருக்காதான் வூட்டுக்கு வருவாரு. நீங்க வந்த ரயிலு அங்க நின்னுதானே வந்துது?"

நின்றுதான் வந்தது. அங்கே இறங்கி நான் டீ கூடக் குடித்தேன். வீட்டு விலாசம் கேட்ட மகாராசன் நான், வேலை பார்க்கும் இடத்தையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்றிரவு லாட்ஜ் வாடகை இருபத்தைந்து ரூபாய், கொசுக்கடி இலவசம்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், நான்கு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஓட்டுக் கூரை போட்ட ஓட்டல் அது. நடத்துபவர் சரோஜா என்ற அம்மா. நாற்பது வயது இருக்கும். அங்கே வேலை செய்கிற ஒன்பது பேருக்கும் அவர் 'அக்கா'. இட்லி, வடை, காபி மூன்றும் சேர்ந்து இரண்டே கால் ரூபாய். வடைக்குக் கொடுத்த சாம்பாரை ஒரு வாய் வைத்ததுமே முதலாளி ஏன் இந்த ஆளுக்கு அலைகிறார் என்று புரிந்துவிட்டது.

அன்று மயிலம் கோயிலில் கல்யாணம் முடித்துவிட்டு அறுபது பேர் பன்னிரண்டே காலுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. மற்ற நாளாக இருந்தால் காத்திருப்பேன். எனக்கு அவசரம். பத்தரை மணிக்குச் சமையல்கட்டின் பின்வாசலுக்குப் போய் ஏழுமலை மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டேன். இரண்டு மடங்கு சம்பளம், தங்க அறை, தீபாவளிக்குத் துணி என்று அளந்து விட்டேன். மனிதர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

பதினொன்றே காலுக்குக் கூடத்தில் இலை போட்டார்கள். பந்தி ஆரம்பமாகிவிட்டது என்று போய் உட்கார்ந்தேன். சரோஜா அம்மா வாளியும் கரண்டியுமாக வந்தார்.

"சார், கொஞ்சம் இருங்க. மொத இலை எங்க ஆளுங்களுக்கு."

பாத்திரம் கழுவுகிறவர், தண்ணீர் இறைக்கிறவர், பரிமாறுகிறவர்கள், எல்லோரும் வரிசையாக உட்கார, முதலாளியம்மாவே பரிமாறினார். மேஜை துடைக்கிற மேரிக்குத்தான் முதல் கரண்டி. அவர் ஒரு வாய் சாப்பிட்டு 'சரி' என்று தலையாட்டினால்தான் குழம்பு வாடிக்கையாளருக்குப் போகும். அங்கே அதுதான் சட்டமாம். மேரி சாம்பாரைப் பிசைந்து வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"அக்கா, பருப்பு அடிபுடிச்சிருக்கு. இத்த குடுக்காதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஓட்டலில் துடைக்கிற ஆள் மாஸ்டர் எதிரில் இப்படி வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் சீட்டுக் கிழிந்துவிடும். இங்கே மாஸ்டரே எழுந்தார்.

"என் தப்புதான்க்கா. இந்த சாரோட பேசிக்கினு நின்னுட்டேன். அடுப்பப் பாக்கல."

ஒன்பது ஜோடிக் கண்களும் என்மேல் திரும்பின. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். சரோஜா அம்மா கத்தவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அறுபது பேரு வர்றாங்க. இன்னும் ஒரு மணி நேரங்கூட இல்ல. இன்னா பண்லாம், சொல்லுங்க" என்றார், எல்லோரையும் பார்த்து.

"மறுபடி பருப்பு வேவ நேரமில்லக்கா" என்றார் மேரி. "மல்லாட்ட வறுத்து அரைச்சி, கத்திரிக்கா கொழம்பு வெச்சிடலாம். எங்கூட்டு விசேசத்துல அதான் வெப்போம்." மல்லாட்டை என்றால் அந்தப் பக்கத்தில் வேர்க்கடலை.

"கல்யாணத்துக்கு சாம்பார் இல்லாமலா?" என்று ஒருவர் இழுத்தார்.

"கேட்டா நான் சொல்லிக்கிறேன். ஜல்தியா ஆவட்டும்" என்றார் அக்கா.

சாப்பாட்டைப் பாதியில் விட்டு யாரும் எழக்கூடாது என்று சொல்லிவிட்டு அவரே போய் வாணலியை ஏற்றினார். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் இலையை மடித்துக் கை கழுவினார்கள். பரிமாறுகிறவர்கள் கத்திரிக்காய் நறுக்க, தண்ணீர் இறைக்கிறவர் புளி கரைக்க, மேரி பதம் சொல்லச் சொல்ல மாஸ்டர் தாளித்தார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வறுத்த மல்லாட்டையைத் தேய்த்துத் தோல் ஊதினேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு இருபதுக்குக் கல்யாண கோஷ்டி வந்து இறங்கியது. பெண்ணின் அப்பா இலையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "சாம்பார் எங்கம்மா?"

"பருப்பு அடிபுடிச்சிடுச்சிங்க. கீழ ஊத்திட்டோம். எங்க மேரி சொல்லி வெச்ச கொழம்பு இது. பிடிக்கலேன்னா சொல்லுங்க."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். நாங்கள் பத்துப் பேரும் சமையல்கட்டு வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாவது வாய். அப்புறம் இலையில் இருந்த சோற்றுக் குவியலில் குழி பறித்தார். "நல்லா ஊத்தும்மா!" மூன்று தரம் கேட்டு வாங்கினார். மாப்பிள்ளை வீட்டார் குண்டானையே காலி செய்தார்கள். போகும்போது பெண்ணின் அம்மா சமையல்கட்டுக்குள் வந்து, மேரி யார் என்று கேட்டு, தன் தலைப்பூவில் ஒரு முழம் கிள்ளி அவருக்கு வைத்துவிட்டார். நாங்கள் கைதட்டினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

பிறகு மாஸ்டர் என்னிடம் வந்தார். "சம்பளம் நல்லாத்தான் இருக்குது சார். உங்க ஓட்டல்ல கொழம்பு அடிபுடிச்சா யாரு சொல்லுவாங்க?"

யாரும் சொல்ல மாட்டார்கள். உருளைக்கிழங்கைப் போட்டு மறைத்து அனுப்பிவிடுவோம். அதை என் முகத்திலேயே படித்துவிட்டு மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். மூன்றரை மணி பஸ்ஸில், பதின்மூன்று ரூபாய் கொடுத்து, தனியாகச் சென்னை திரும்பினேன்.

மறுநாள் முதலாளி மேஜையில் சாவியை வைத்துவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "ஒரு மாசம் முதல் இலையை நம்ம ஆளுங்களுக்குப் போட விடுங்க. நீங்களே பரிமாறுங்க. சரிவரலேன்னா போறேன்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வாரம் முழுக்க யாரும் வாய் திறக்கவில்லை, பயம். இரண்டாவது வாரம் பாத்திரம் கழுவும் கோவிந்தன் முதலாளி முகத்துக்கு நேரே, "உப்பு ஜாஸ்தி மொதலாளி" என்றார். முதலாளி கையிலிருந்த வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உப்பைச் சரிபண்ண வாளியைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று சமையல்கட்டுக்குள் போய்விட்டார். என் வேலை தப்பியது அந்த நொடியில்தான். அந்த வருடம் அங்கிருந்து ஓர் ஆள்கூடப் போகவில்லை. ஓடிப்போன மாஸ்டர்களில் ஒருவர் தானாகவே திரும்பி வந்தார்.

இனி, கிளம்புகிறவர்களுக்கு. நான் எழுதிய கட்டணங்களை நம்பாதீர்கள், அது அந்தக் காலம். தூரம் மட்டும் மாறவில்லை. பையைக் கட்டும் முன், உங்கள் கடையில் மேஜை துடைக்கிறவரை உட்கார வைத்து, உங்கள் கையால் பரிமாறி, குழம்பு எப்படி என்று கேளுங்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு குறை சொல்லிவிட்டால், பையை உள்ளே வையுங்கள், நீங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. "நல்லா இருக்கு சார்" என்று தலையைக் குனிந்துகொண்டால், எந்த ஊர் மாஸ்டரைக் கூட்டி வந்தாலும் அவரும் போய்விடுவார்.