இயா மலையில் விட்டு வந்த தொப்பி

ஹிரோஷி அண்ணை போய்விட்டார்... போன மாதமே பாரிசுக்குப் பக்கத்தில் பொண்டியில் மகள் வீட்டில் காலமானாராம். எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

எழுத்து மேலும் கீழுமாக ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில், போன தை மாதம்தான் அரிச்சுவடி தொடங்கினேன். நான் கடதாசியில் எழுத, என் மகள் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறாள். அவர் பெயரை எழுதவே அரை மணித்தியாலம். ஆனால் என் கையால் எழுதினேன்.

பாரிஸ் லா சப்பலில் இருவருக்கும் ஒரே ரெஸ்ரோறன்ற் குசினி. அவர் மீன் வெட்டுவார், நான் கோப்பை கழுவுவேன். எங்கள் ஆட்களோடு நின்று நின்று அவருக்குத் தமிழே வந்துவிட்டது.

2014இல் லீவு. "தம்பி, வா, என்ரை ஊரைப் பார்" என்றார். ஜப்பானில், இயா என்ற மலைப் பள்ளத்தாக்கு.

ஆற்றுக்கு மேலே காட்டுக்கொடியால் பின்னிய பாலம். பழைய காலத்தில் சண்டையில் தோற்றவர்கள் ஓடிவந்து ஒளிந்த மலையாம். "எதிரி வந்தா கொடியை வெட்டிவிடுறது" என்றார். ஈழத்தில் ஓடின எங்களுக்கு அப்படி ஒரு பாலம் இருக்கவில்லை.

கயிற்றால் கட்டித் தூக்கலாம், அவ்வளவு இறுக்கமான தோஃபு, சோயாவில் செய்த கட்டி. கிழங்கோடு குச்சியில் குத்திச் சுட்டுத் தந்தார்கள். "உறைப்புக் காணாது எண்டு சொல்லப் போறாய்" என்றார். அதைத்தான் சொல்ல இருந்தேன்.

ஊர் பஸ் தரிப்பில், மர வாங்கில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வணக்கம் வைத்தேன். அசையவில்லை. கிட்டப் போனால் துணியும் வைக்கோலும்... ஹிரோஷி அண்ணையின் முகம்.

"அது நான்தான். ஊரை விட்டுப் போனவைக்கு என்ரை அக்கா பொம்மை செய்து வைப்பா. திரும்பி வந்தா எடுத்துப்போடுவா."

வயலில், பள்ளிக்கூடத்தில், எல்லா இடமும் பொம்மைகள். மனிதர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"உங்கடை பொம்மையை எப்ப எடுக்கிறது?"

"பென்ஷன் வரட்டும். நீயும் வந்து ஒரு கை பிடி."

ஓம் என்றேன்.

புறப்படும்போது அக்கா ஒரு நூலால் என் தோளை அளந்தார். சட்டை தைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த அவசரத்தில் என் நீலத் தொப்பியை அங்கேயே விட்டுவிட்டேன்.

பென்ஷன் வந்தது. பிறகு அவருக்கு முழங்கால், எனக்கு இதயம்... ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம்.

சாம்பலை அவர் மகள் இயாவுக்குக் கொண்டுபோயிருக்கிறா. நேற்று அங்கிருந்து படம் அனுப்பினா. அதே பஸ் தரிப்பு. அண்ணையின் பொம்மை இல்லை. தன் தம்பி வந்துவிட்டான் என்று அக்கா எடுத்துவிட்டாவாம்.

அந்த வாங்கில் இப்போது நீலத் தொப்பியோடு ஒருவர் தனியே இருக்கிறார்... என் தோள், என் மூக்கு.

போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் அண்ணை. சந்தோஷம்.

அடுத்த கிழமை அக்காவுக்கு எழுதுவேன். தமிழில்தான், வேறு தெரியாது... அந்தத் தொப்பிக்காரரை அங்கேயே இருக்க விடுங்கோ, நானே வந்து எடுக்கிறேன் என்று.