பிரகதாம்பாள் மோந்து பார்த்த கைகள்

நன்னிலம் பக்கம் தன் நிலத்தைத் தனியாளாக நின்று சாகுபடி செய்கிறவர் பிரகதாம்பாள். தன் முறைக்கு வாய்க்கால் தண்ணீர் வரும் நாளில் அவர் மண்வெட்டியோடு மடையடியில் உட்கார்ந்துவிட்டால், பக்கத்து வயல்காரர்கள் அந்த வரப்பில் நடக்கக்கூட யோசிப்பார்கள். புருஷன் போன பிறகு அவருக்கு எல்லாமே தம்பி பஞ்சநதம்தான். தம்பிக்குத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்தது என்றதும், பாதி ஊரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

ஒருவர் கட்டிலில் உட்கார்ந்தார். ஒருவர் கால் விரலைப் பிடித்து, "உணர்ச்சி இருக்கா?" என்றார். பிரகதாம்பாள் மடியிலிருந்து குலதெய்வத் திருநீற்றை எடுத்து, முழங்கால் கட்டின்மேல் பூசக் கையைக் கொண்டுபோனார்.

"கைய எடுங்கம்மா!"

வாசலில் நின்றது ஷோபனா. நோயாளிகளுக்குக் கிருமித் தொற்று வராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே இருக்கிற நர்ஸ்.

"எங்க சாமி திருநீத்துல கிருமி இருக்குங்கிறியா?"

"சாமி மேல சந்தேகமே இல்லம்மா. வேன் கம்பியப் புடிச்சுக்கிட்டு வந்த கை மேலதான் சந்தேகம். வாசல்ல இருக்கிற கை மருந்தத் தேய்ச்சு சுத்தம் பண்ணிட்டு நெத்தியில பூசுங்க, கட்டு மேல வேணாம்."

கூட்டம் மொத்தமும் வெளியேற்றப்பட்டது. நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து பிரகதாம்பாள் பொருமினார். "கூடப் பொறந்தவள வெரட்டுறா பாருங்க!"

பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவர் அதிராம்பட்டினத்துக் காதர் மைதீன். அவருக்கும் இதே ஆபரேஷன்தான், வேறு ஊரில் செய்தது. புண் சீழ் பிடித்து, மறுபடி அறுத்து, இன்னும் நடந்தபாடில்லை.

"யாரு கையிலேர்ந்து வந்துச்சுன்னே தெரியலக்கா," என்றார் அவர். "பாக்க வந்தவங்க எல்லாருமே நல்லவங்கதான்."

பிரகதாம்பாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஷோபனாவிடம் கேட்டார்: "அந்தக் கை மருந்த எப்படித் தேய்க்கணும்?"

விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று ஷோபனா சொல்லிக்கொடுத்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். "நீங்களே வாசல்ல இருந்து பாத்துக்குங்கம்மா," என்றும் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அறை வாசலில் நாற்காலி போட்டாயிற்று. வருகிறவர் கையை நீட்ட வேண்டும், பிரகதாம்பாள் மோந்து பார்ப்பார். மருந்து வாசனை வந்தால்தான் உள்ளே விடுவார். ஊராட்சித் தலைவர் பொன்னாடையும் போட்டோக்காரருமாக வந்தார். "அது எத்தன பேரு தோள்ல கெடந்துட்டு வருதோ! போர்த்தித்தான் ஆவணும்னா எனக்குப் போர்த்துங்க," என்றார் பிரகதாம்பாள். போர்த்திவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு தலைவர் திரும்பிப் போனார்.

மறுநாள் ஆபரேஷன் செய்த டாக்டர் பரணிதரனே வந்தார்.

"கையக் காட்டுங்க தம்பி."

"இப்பதாம்மா சோப்பு போட்டுக் கழுவினேன்."

"மருந்து வாசம் வரலியே."

"சோப்புல கழுவினா அந்த வாசம் எப்படி வரும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தேய்ச்சிட்டுப் போங்க."

உள்ளேயிருந்து பஞ்சநதம், "அக்கா, அவருதான் ஆபரேஷனே பண்ணினவரு!" என்று கத்தினார்.

"பண்ணினவருக்கு இன்னும் பொறுப்பு வேணும்ல?"

டாக்டர் சிரித்துக்கொண்டே மருந்தைத் தேய்த்துக் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் வந்த ஷோபனா, கேட்பதற்கு முன்பே தன் கையையும் நீட்டினாள்.

புண் சுத்தமாக ஆறியது. தையல் பிரித்த அன்று பிரகதாம்பாள் ஒரு பாட்டில் கை மருந்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு தம்பியோடு ஊருக்குப் புறப்பட்டார். சில நாள் கழித்துப் பஞ்சநதம் ஷோபனாவுக்குப் போன் செய்தார்.

"சிஸ்டர், கால் நல்லாருக்கு, ஊன்றி நடக்கறேன். ஆனா அக்கா மருந்து பாட்டிலோட வாசப் படலுகிட்டயே உக்காந்திருக்கு. சீட்டாட ஒரு ஆளு உள்ள வர முடியல. நீங்க சொன்னா கேக்கும், கொஞ்சம் சொல்லுங்களேன்."

"தாராளமா வரலாம்னு சொல்லுங்க," என்றாள் ஷோபனா. "கையக் கழுவிட்டு வந்தாப் போதும்."

பஞ்சநதம் அதை அப்படியே வாசலுக்குக் கத்தினார். படலுப் பக்கமிருந்து பதில் வந்தது:

"சீட்டுக்கட்ட யாரு கழுவறது?"