வாரேன்க்கா

அடுத்த வாரம் சபையிலிருந்து ஊழியத்துக்காகக் கம்போடியா போகிறோம். இன்று ராஜபாளையத்தில் பெட்டி வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் திரும்பினேன்.

பக்கத்து சீட்டில் ரோஸ்லின் அக்கா. எங்கள் சபைதான், அடுத்த தெரு. அவர் கணவர் எட்டு மாதம் படுக்கையில் கிடந்து, போன மாதம் இறந்துபோனார்.

"அங்க போயி என்ன செய்விய தம்பி?"

"வீடு வீடாப் போயி நோயாளிகளுக்கு ஜெபிப்போம்க்கா. 'உங்களுக்காக ஜெபிக்கலாமா'ன்னு அவிய பாஷையிலயே கேக்கப் படிச்சிருக்கேன்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த எட்டு மாதமும் ஆராதனை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் அக்கா, "ஒரு நா வீட்டுக்கு வந்து அவியளுக்கு ஜெபம் பண்ணுங்க தம்பி" என்று கேட்பார். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு நான் பைக்கை எடுத்துவிடுவேன். ஒரு நாளும் போகவில்லை.

உட்கார முடியவில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே பெட்டியோடு எழுந்தேன். பழக்க தோஷம், வாயில் அதே சொல்தான் வந்தது.

"வாரேன்க்கா."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை.

"அவியளும் நீங்க வருவியன்னுதான் தம்பி நெனச்சாவ."

வராதவன் சொல்லிக்கொண்டு கிளம்ப நம் ஊரில் வேறு வார்த்தை ஏதும் இருந்தால், கமெண்டில் போடுங்கள்.