உச்சிவேளையில் மலையைச் சுற்றினேன்

இந்த ஊரில் எனக்குச் சம்பளம் தருவது பறவைகளை விரட்டுவதற்கு. சிரிக்காதீர்கள், உண்மைதான். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், கடலை ஒட்டி ஒரு சின்ன விமான நிலையம். விடிந்ததும் ஓடுபாதையில் நூற்றுக்கணக்கில் கடற்பறவைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, சத்தம் மட்டும் போடுகிற துப்பாக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஈரப் புல்லில் நடப்பேன். சுட்டதும் அவை எழும்பி, ஒரு வட்டமடித்து, எனக்குப் பின்னால் போய் உட்காரும். நானும் திரும்பி நடப்பேன். இப்படி ஓர் உத்தியோகம் இருக்கிறதென்று சொன்னால் நம் பக்கத்தில் யார் நம்புவார்கள்? வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் 'ஏரோடிரோமில் வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னோடு நடக்கிற ஜார்ஜ் அறுபதை நெருங்கிய நல்ல மனிதர். ஒரு நாள் வாய் சும்மா இராமல், பறவை விரட்டியதால்தான் என் தேசத்தில் என் எதிர்காலமே போயிற்று என்று அவரிடம் சொன்னேன். அங்கேயும் இதே வேலை பார்த்து, சரியாக விரட்டாமல் வேலை போய்விட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். "பரவாயில்லை, அனுபவசாலியாகத்தான் வந்திருக்கிறாய்" என்று முதுகில் தட்டினார். விளக்கப் போனேன். கோயில், மலை, கழுகு என்று நான் ஆரம்பித்ததும் டீ ஆறிவிடும் என்று எழுந்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உங்களிடமாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருக்கழுக்குன்றத்துக்காரன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் எங்கள் மலை. ஐந்நூறு படிக்கு மேல் ஏற வேண்டும். தினமும் உச்சிவேளையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் வந்து உட்காருவார். எங்கிருந்தோ இரண்டு கழுகுகள் வந்து, அவர் கையிலிருப்பதைத் தின்றுவிட்டுப் போகும். அவை காசியிலிருந்து வருவதாக ஊர் சொல்லும். நான் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. பொழுது விடியாமல் போகுமா என்று எப்படி யாரும் கவலைப்படுவதில்லையோ, அப்படித்தான் கழுகு வராமல் போகும் என்ற நினைப்பே எங்கள் ஊரில் ஒருவருக்கும் வந்ததில்லை. எனக்கும் வரவில்லை. அந்தப் பாவத்துக்குத்தான் இந்த ஈரப் புல்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். பட்டணத்தை ஒட்டிய ஒரு விமானப் பயிற்சிக் கிளப்பில் (பெயர் வேண்டாம்) சர்க்கார் உதவிச் சம்பளத்தில் எனக்கு இடம் கிடைத்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியாரான என் அப்பாதான் தம் முத்து முத்தான கையெழுத்தில், தம் கம்பீரமான இங்கிலீஷில், அதற்கு விண்ணப்பம் எழுதித் தந்தார். எங்கள் ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவளுக்குத் தெரிந்தது வேண்டிக்கொள்வது. நான் கிளம்பிய அன்றே வேண்டிக்கொண்டாள். "டேய், நீ ஒண்டியாப் பறக்கச் சொல்ல நம்ம மலைய எம்புள்ள மூணு சுத்து சுத்தி வருவான்னு வேண்டிக்கினு கீறேன். மறந்துடாத" என்றாள். நடந்து சுற்ற வேண்டியதை ஆகாயத்தில் சுற்றலாமா என்று கேட்டேன். "மேலேர்ந்து சுத்துனா சாமி வேணாங்குமா?" என்றாள்.

முதன்முதல் தனியாகப் பறந்த காலையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. டைகர் மாத் என்கிற அந்தத் திறந்த விமானத்தில் இன்ஸ்ட்ரக்டர் முன்னால், மாணவன் பின்னால். தனியாகப் போகும்போதும் பின்னால்தான். அன்று முன் ஸீட்டின் வார்களை இறுக்கிக் கட்டிவிட்டு, மெக்கானிக் முனுசாமி என் பக்கம் வந்தார். "இன்னா தம்பி, மூஞ்சி வெளுத்துகினு கீது? முன்னால ஆளு இல்ல, வண்டி லேசா கீது. சட்டுனு ஏறிக்கும். பேஜாராவாத" என்றார். சொன்னபடியே சட்டென்று ஏறியது. காதில் ரப்பர்க் குழாய் வழியாகத் திட்டிக்கொண்டே வரும் இன்ஸ்ட்ரக்டர் குரல் இல்லை. அந்தத் திட்டு இல்லாமல் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு குதி குதித்து இறங்கினேன்.

நாலைந்து தடவை போனதும் பயம் தெளிந்தது. உடும்புப் பிடியாகப் பிடித்திருந்த, விமானத்தைத் திருப்பும் கம்பியை இரண்டு விரலால் பிடிக்கப் பழகினேன். எஞ்சின் சத்தம் மாறினால் வேகம் காட்டும் முள்ளைப் பார்க்காமலே வேகத்தைச் சொல்லுவேன். சைக்கிள் ஸீட் போல அந்த இடம் எனக்குப் பழகிவிட்டது. உரக்கப் பாடுவேன், யார் கேட்கப்போகிறார்கள்? பயம் இருந்தவரை ஒழுங்காக இருந்தவன், பயம் போனதும் கெட்டேன்.

முதல் நீண்ட பயணத்துக்குத் தனியாக அனுப்பினார்கள். ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு ஊரப்பாக்கம் வழியே செங்கல்பட்டு ஏரி, அங்கிருந்து கிழக்கே திரும்பி மாமல்லபுரம் கலங்கரை விளக்கம், பிறகு கடற்கரையோடு வடக்கே வீடு திரும்ப வேண்டும். வழியில் எங்கும் தாழக் கூடாது, வட்டமடிக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு நேர்கோடு போட்டால் நடுவில் நிற்பது எங்கள் மலை. நான் என்ன செய்வேன்? உச்சிவேளைக்கு மலைமேல் நில் என்று அம்மாவுக்கு முன்னாலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். திட்டம் போட்டுச் செய்த காரியம்தான், மறைப்பானேன்?

கோயில் எனக்கு வலப்பக்கம் இருக்கும்படி சுற்றினேன். பிரதட்சிணம் அல்லவா? இரண்டாவது சுற்றில் பாறையில் நின்ற கூட்டம் தெரிந்தது. துண்டை எடுத்து வீசினார்கள். எனக்கு ஏற்பட்ட பெருமையை என்னவென்று சொல்ல! நம்ம ஊர்ப் பையன் என்று கண்டுகொண்டு கொண்டாடுகிறார்கள் என்று நினைத்து, மூன்றாவது சுற்றை இன்னும் தாழ்வாக வந்தேன். மாமல்லபுரம் போகும் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். அவர்கள் என்னைப் போ போ என்று விரட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்குக் கழுகு வரவில்லை. பொங்கல் ஆறி இறுகும் வரை காத்திருந்துவிட்டுக் குருக்கள் எழுந்து போனாராம். மறுநாள் வழக்கம்போல இரண்டும் வந்து தின்றுவிட்டுப் போயின. ஆனால் அதற்குள், விமானம் வந்து கழுகை விரட்டிவிட்டதென்று ஊரார் கிளப்புக்கு அனுப்பிய மனு தபாலில் போய்விட்டது. கிளப் காரியதரிசி அதை என் முன்னால் வைத்தபோது வாசகத்தை நான் படிக்கவேயில்லை. கையெழுத்தைத்தான் பார்த்தேன். முத்து முத்தாக இருந்தது. கீழே முதல் ஒப்பமும் அப்பாவுடையதுதான், பட்டத்தோடு போட்டிருந்தார்.

கிளப்பை நான் நோக மாட்டேன். சொன்னதை மீறினேன், பெயரை அடித்தார்கள். பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். அம்மாதான் நடந்ததைச் சொன்னாள். ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்ததும், அப்பாவை உள்ளே கூப்பிட்டு, "ஏரோப்ளேன்ல வந்தது நம்ம புள்ளதாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அப்பா, "தெரியும். நான் எழுதலன்னா வாத்தியாரே புள்ளைய ஏவிவுட்டாருன்னு பேசுவாங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவில் மசி நிரப்பியிருக்கிறார். என் முகத்துக்கு நேராக அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "பேர் எதுவும் போடலியே நான்" என்றார். ஆமாம், போடவில்லை. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பறந்தவன் நான் ஒருவன்தானே, பெயர் எதற்கு? அம்மா, "நான் வேண்டிக்கினதாலதானேடா இப்படி ஆயிப்போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் மலையேறவில்லை என்று கேள்வி. நான் கப்பல் ஏறினேன்.

போன மாதம் மறுபடி தனியாகப் பறந்தேன். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிளப் நடக்கிறது, நிலையத்து ஆட்களுக்குச் சலுகை உண்டு. ஐந்தாறு பாடம் ஆனதும் சொல்லிக்கொடுத்த கிழவர், புகை பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே இறங்கிக்கொண்டு, போ என்று கையைக் காட்டினார். மூடிய கண்ணாடி அறை, காலுக்குச் சூடு. இரண்டு விரல் போதுமென்பதைக் கை மறந்திருக்கவில்லை. சொன்ன வழியில் போய், சொன்ன வழியில் திரும்பினேன். கீழே வயல், மாதா கோயில், தெரு. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. இறங்கியதும் கிழவர், "நாட் பேட்" என்றார். அவ்வளவுதான். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்றே வீட்டுக்கு எழுதினேன். அப்பாவின் பதில் நேற்று வந்தது, அதே இங்கிலீஷில். மிகவும் மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறார். பிறகு, 'இந்த விஷயத்தை உன் தாயாருக்கு வாசித்துக் காட்டவில்லை. தெருவெல்லாம் சொல்லிவிடுவாள். அடங்கிய விவகாரம் அடங்கியதாகவே இருக்கட்டும்' என்று முடித்திருக்கிறார். என் கடிதங்கள் அம்மாவுக்கு அவர் வாய்வழியாகத்தான் போக வேண்டும். ஆறு வருஷமாக இன்னும் எதையெதை அவர் வாசிக்காமல் விட்டாரோ, யார் கண்டது?

அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது எங்கள் ஊர்ப் பக்கம் போனால், வாத்தியார் வீடு எது என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். பள்ளிக்கூட நாளாகப் பார்த்து, காலை பதினொரு மணிக்குப் போங்கள். அப்பா இருக்க மாட்டார். போன மாதம் நான் தனியாகப் பறந்ததை மட்டும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். காது கொஞ்சம் மந்தம். அழுதாளென்றால், உட்கார்ந்து இன்னொரு தரம் படியுங்கள். அப்பா சாப்பாட்டுக்கு வருவதற்குள் கிளம்பிவிடுங்கள்.