கேட்டுவிட்டுக் காத்திருந்த டி.வி. அக்கா

எங்கள் வீட்டு டி.வி.யிலிருந்து ஓர் அக்கா காணாமல் போய்விட்டார். போலீசில் புகார் கொடுக்கிற சமாசாரம் இல்லை. பங்குனிக் கடைசியில் ஒருநாள் வழக்கம்போல ஸ்விட்சைப் போட்டோம்... அவர் உட்காரும் ஸ்டூலில் ஒரு பொம்மைக் கரடி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

எந்த அக்கா என்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் இன்னும் சேராத வாண்டுகளுக்காக வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் வருமே, அந்த நிகழ்ச்சியின் அக்கா. வில்லியனூர்க் கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்காரருக்குப் பாத்திரக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. அக்கம்பக்கத்தில் வேறு டி.வி. கிடையாது என்பதால் அன்றைக்குக் கூடம் கொள்ளாமல் பிள்ளைகள்!

அந்த அக்கா பெரிதாக எதுவும் செய்துவிட மாட்டார். ஒரு படத்தைக் காட்டுவார். "இது என்ன? சொல்லுங்க பார்க்கலாம்" என்பார். அப்புறம் நம்மையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்... காத்திருப்பார்... அதற்குள் நான் அடுப்படிக்குப் போய் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். பிறகுதான், "சரியாச் சொன்னீங்க!" என்பார். ஒருமுறை ஒட்டகத்தைக் காட்டினார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒட்டகத்தை எங்கே கண்டார்கள்? "மாடு!" என்று ஒரே கூச்சல். அதற்கும் "சரியாச் சொன்னீங்க!"தான்.

"இந்தம்மாவைக் கடையில உட்கார வச்சா வியாபாரம் அமோகமா நடக்கும்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். கேட்ட விலைக்கெல்லாம் தலையாட்டினால் அப்புறம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்றேன் நான்.

எதிர்வீட்டு அஞ்சலையின் பையன் தனசேகரும் இந்தக் கும்பலில் உண்டு. நாலு பெண்ணுக்குப் பிறகு பிறந்த பிள்ளை. ஐந்து வயதாகப் போகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. நாக்கில் வசம்பு தேய்த்தாயிற்று, கோயிலுக்கு நேர்ந்துகொண்டாயிற்று. ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வாய் திறக்காவிட்டால், 'பேச்சு வந்ததும் கூட்டிக்கிட்டு வாங்க' என்று அனுப்பிவிடுவார்களோ, ஊர் அவனுக்கு ஊமையன் என்று பேர் வைத்துவிடுமோ... அஞ்சலைக்கு இதே கவலை. அவள் புருஷன் கரும்பு வெட்டப் போனால் ராத்திரிதான் வருவார். கவலைப்படுவது முழுக்க இவள் பொறுப்பு.

அந்தத் தனசேகர் டி.வி. அக்காவிடம் மட்டும் பேசினான்! மற்ற பிள்ளைகள் கத்தி ஓய்ந்த பிறகு, அவர் இன்னும் காத்திருக்கிறாரே, அந்த இடைவெளியில் மெதுவாக, "யானை" என்பான். மகனைத் தேடி வந்த அஞ்சலை அதை வாசற்படியில் நின்று கேட்டுவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதிலிருந்து வாராவாரம் ஜன்னலுக்கு வெளியே ஒளிந்து நின்று கேட்பாள். உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுமாம்.

இந்த நேரம் பார்த்துத்தான் கரடி வந்து சேர்ந்தது.

குறை சொல்லக் கூடாது. பாட்டு என்ன, ஆட்டம் என்ன, எழுத்தெல்லாம் குதித்துக் குதித்து வருகிறதே! பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிக்கிறார்கள். ஆனால் கரடி கேள்வியும் தானே கேட்கிறது, பதிலும் தானே சொல்லிவிடுகிறது. தனசேகர் "யா..." என்று ஆரம்பிப்பதற்குள் யானை போய், குதிரை போய், ரயிலே வந்துவிட்டது. அடுத்த வாரம் அவன் வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த வாரம் பாதியிலேயே எழுந்து போய்விட்டான்.

அஞ்சலை சண்டைக்கே வந்துவிட்டாள். "இன்னாக்கா இது அநியாயம்! அந்தப் பொண்ண ஏன் தொரத்துனாங்க? நீதான் பத்திரிகையில எழுதுறவளாச்சே, நல்லா நறுக்குனு எழுதிப் போடு!"

"எழுதறேன்டி. அவ அப்படி என்ன பெரிசா செஞ்சா, அதைச் சொல்லு."

"இன்னா செஞ்சா... கேள்வி கேட்டா. கேட்டுட்டு, புள்ள மூஞ்சியப் பாத்துக்கினு குந்தினு இருந்தா..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். எனக்கும் சுரீர் என்றது. இந்தப் பையனைக் கேள்வி கேட்டுவிட்டு யாராவது ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கிறோமா? "சாப்டியாடா?" என்று நான் கேட்பேன். "சாப்ட்டாங்க்கா" என்று அம்மா சொல்வாள். "இட்லிக்கா" என்பாள் அவன் அக்கா ஒருத்தி. "ரெண்டுதான் துன்னான்" என்பாள் இன்னொருத்தி. அவனுக்குச் சொல்ல என்ன மிச்சம் வைத்தோம்? கரடியைப் போய்த் திட்டுகிறோமே!

அவனைக் கூப்பிட்டேன். "நேத்து உங்க வூட்டுக்கு யாருடா வந்தாங்க?"

கூடவே வந்திருந்த அவன் சின்ன அக்கா வாயெடுத்தாள். அஞ்சலை லபக்கென்று அவள் வாயைப் பொத்தினாள். நான் காத்திருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமோ? அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. எழுந்திருக்கவில்லையே நான்! அவன் தரையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மாமா... வந்தாரு" என்றான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் புதுச் சட்டம். அவனைக் கேட்டால் அவன்தான் சொல்ல வேண்டும். அக்காமார் பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தார்கள். நிகழ்ச்சிக்காரர்கள் கரடியை வைத்துக்கொள்ளட்டும். நானும் அவர்களைத் திட்டி ஒரு வரி எழுதிப் போடவில்லை.

போன திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்க்கை. துணைக்கு நானும் போனேன். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். தொட்டான். "பேர் என்ன?" என்றார். தனசேகர் தரையைப் பார்த்தான். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. "பேர் என்னப்பா? வீட்டில எப்படிக் கூப்பிடுவாங்க? அப்பா பேராவது தெரியுமா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "ஏம்மா, இவன் பேசவே மாட்டானா?" என்று அஞ்சலை பக்கம் திரும்பினார்.

அதிகாரி என்றால் அரை மைல் ஒதுங்கிப் போகிறவள் அஞ்சலை. ஆனாலும் சொன்னாள்.

"பேசுவான் சார். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."